தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் வழிகாட்டி இல்லாமல் நாமே கார் ஓட்டிப் போய் விலங்குகளைப் பார்க்க முடியுமா? நல்ல படங்கள் கிடைக்குமா?

தாராளமாக முடியும். நான், மனைவி, மச்சினன் மூன்று பேரும் ஒரு மே மாதம் ஆறு நாள் அப்படித்தான் சுற்றினோம். ஜீப் எல்லாம் இல்லை, வாடகைக்கு எடுத்த சாதாரண சின்னக் கார்தான். முக்கியச் சாலைகள் தார் போட்டவை, மண் சாலைகளும் மழை இல்லாத மாதங்களில் சின்னக் காருக்குச் சிரமம் தராது. அங்கேயும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் மச்சினனுக்கு அரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது.

முதலில் பூங்காவின் அளவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காகச் சுமார் 350 கி.மீ., மொத்தம் ஏறக்குறைய 20,000 சதுர கி.மீ. அதை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள். நாங்கள் தெற்கே லோயர் சாபி முகாமில் மூன்று இரவு, அதற்கு வடக்கே சட்டாரா முகாமில் மூன்று இரவு என்று பிரித்துக்கொண்டோம், அதுவே அலைச்சல்தான். இருட்டுவதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும், மே மாதத்தில் மாலை 5.30க்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள், தாமதமாகப் போனால் அபராதம். காலை 6 மணிக்குக் கதவு திறக்கும்போது முதல் ஐந்து கார்களில் நம் கார் இருப்பது நல்லது. குளிர்ந்த காலைகளில் சிங்கங்கள் தார் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும், நாலு கார் வந்து தொந்தரவு செய்ததும் எழுந்து புல்லுக்குள் போய்விடும்.

இப்போது நாங்கள் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாளும் சிறுத்தை, சிறுத்தை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தினம் 180 கி.மீ. ஓட்டினோம். (நான் சொல்வது மரமேறும் சிறுத்தை. வேகமாக ஓடுகிற சிவிங்கிப்புலியையும் நம் ஆட்கள் சிறுத்தை என்றே சொல்லிக் குழப்புவார்கள்.) தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 வரை போகலாம் என்று சட்டம் சொல்கிறது, மச்சினனும் சட்டத்தை மதித்துச் சரியாக 50இல் போனான். இரண்டாம் நாள் மாலை முகாமில் ஒரு பெரியவர் தன் கேமராவைக் காட்டினார். ரோட்டோரக் கிளையில் சிறுத்தை, வால் தொங்குகிறது, அதே படத்தின் ஓரத்தில் எங்கள் கார் கடந்து போய்க்கொண்டிருக்கிறது! மச்சினன் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து 20, 25க்கு மேல் போகவில்லை. இன்னொரு மாற்றமும் செய்தோம்: விலங்கைத் தேடுவதை நிறுத்திவிட்டு, இருக்கிற விலங்குகள் எதைப் பார்க்கின்றன என்று கவனிக்க ஆரம்பித்தோம். இம்பாலா மான்களை முதல் நாள் நூறு பார்த்ததும் அலுத்துவிடும், யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் ஒரு கூட்டம் மேய்ச்சலை விட்டுவிட்டு எல்லாமே ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு மூக்கால் சீறினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். ஒட்டகச்சிவிங்கி இலை தின்னாமல் ஒரே புதரை முறைத்துக்கொண்டு நின்றாலும் அப்படித்தான், அதற்கு நம்மைவிட எவ்வளவோ உயரத்திலிருந்து தெரிகிறது. பிணந்தின்னிக் கழுகுகள் ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து உட்கார்ந்திருந்தால் கீழே சாப்பாடு இருக்கலாம். ரோட்டுக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய்களையும் விடாதீர்கள், கழுதைப்புலிகள் அதற்குள் குட்டி போட்டு வைத்திருக்கும். சட்டாரா பக்கம் அப்படி ஒரு குழாய் வாயில் இரண்டு குட்டிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன, ஆறு நாளில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இதில் ஏமாறவும் செய்வோம். முதல் இரவு முகாம் வேலிக்கு வெளியே கர்ர், கர்ர் என்று பயங்கர உறுமல். "ஏங்க, சிங்கம் பக்கத்திலேயே நிக்குதுங்க" என்று மனைவி எழுப்ப, நானும் போனில் ஒலிப்பதிவு எல்லாம் செய்து காலையில் முகாம் ஊழியரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது இம்பாலா கிடா என்றார். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை அவற்றுக்கு இனச்சேர்க்கைக் காலம், கிடாக்கள் அப்படித்தான் கத்துமாம்.

மாதம் என்று கேட்டால், மே முதல் செப்டம்பர் வரை என்பேன். புல் காய்ந்து படுத்துவிடும், தண்ணீர் குறைந்து விலங்குகள் ஆற்றுக்கும் குட்டைக்கும் வந்தே ஆக வேண்டும். பறவைப் பிரியர் என்றால் நவம்பர், டிசம்பர் போங்கள், வலசைப் பறவைகள் வந்திருக்கும், இம்பாலா குட்டிகளும் பிறந்திருக்கும், ஆனால் பச்சைக்குள் சிங்கத்தைக் கண்டுபிடிப்பது பாடு. எந்த மாதமானாலும் மலேரியா பகுதி, மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேமரா விஷயம். தூரத்து விலங்கை நெருக்கிக் காட்டும் 100-400 அல்லது 150-600 எம்.எம். லென்ஸ் ஒன்று, அகலக் காட்சிக்குப் போன், இது போதும். லென்ஸ் மாற்றுவதை மறந்துவிடுங்கள், மண் ரோட்டில் ஒருமுறை மாற்றியதற்கு ஊர் வந்து சென்சாரைச் சுத்தம் செய்யப் பணம் கொடுத்தேன். முக்காலி காருக்குள் விரியாது, இறங்கவும் கூடாது (குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் இறங்கலாம்; ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டவும் தடை). பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டிப் பை தைத்துக் கொண்டுபோய், அங்கே இரண்டு கிலோ அரிசி வாங்கி, பிளாஸ்டிக் கவரோடு உள்ளே போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தேன். கடைசி இரவு அந்த அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டோம். படமெடுக்கும்போது இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நடுக்கம் எல்லாப் படத்திலும் தெரியும். ஷட்டர் வேகம் 1/1000 வினாடிக்குக் கீழே இறங்காமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணரும் திறன்) ஆட்டோவில் விட்டுவிட்டேன், பறவை பறந்தால் 1/2500. காலை பத்து மணிக்கு மேல் தூரத்து விலங்கை எடுக்காதீர்கள், தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்றில் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் கலங்கலாகத்தான் காட்டும். நான் முதல் நாள் லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அழாத குறை. அந்த நேரத்தில் குட்டைக்கரை ஒன்றில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருங்கள். லோயர் சாபி அருகே சன்செட் டேம் என்று ஒரு குட்டை, கார் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே முதலையும் நீர்யானையும், ஒரு காலைப் பொழுதை அங்கேயே கழிக்கலாம்.

யானையிடம் மட்டும் படத்துக்காக ஆசைப்படாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் ஆண் யானை ரோட்டில் வந்தால், இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே முன்கூட்டியே பின்னால் போய்விடுங்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு கார் ஒட்டி நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றது, யானை முப்பது அடிக்கு வந்துவிட்டது, அந்த ஒரு நிமிடத்தில் கேமரா என்ற பொருள் இருப்பதே எனக்கு ஞாபகமில்லை. காண்டாமிருகம் பார்த்தால் எடுங்கள், ஆனால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், படத்தில் இடக்குறிப்பு பதிவாவதையும் அணைத்துவிடுங்கள். கொம்புக்காகக் கொல்லும் கும்பல்களுக்கு நம் படமே வழி காட்டிவிடும்.

சரி, சிறுத்தை. மூன்றாம் நாள் லோயர் சாபியிலிருந்து ஸ்குகுசா முகாமுக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் (எச் 4-1 என்பார்கள்) குரங்குகள் மரத்தின் மேலிருந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தன, எல்லாம் கீழே ஒரே புதரைப் பார்த்தபடி. மனைவி "நிறுத்து நிறுத்து" என்றாள். நிறுத்தினோம். ஒன்றும் தெரியவில்லை. எங்களைப் பார்த்து நின்ற ஏழெட்டுக் கார்கள் ஐந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டன. மச்சினன் "மாமா, போலாமா" என்று மூன்று தடவை கேட்டான். நாற்பதாவது நிமிடம் புதரிலிருந்து அது வந்தது, நேராக எங்கள் காரை நோக்கி, ஜன்னலுக்கு நாலு மீட்டரில், அவசரமே இல்லாமல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, என் 150-600 லென்ஸுக்குள் அந்த உடம்பு அடங்கவில்லை. ஒரு படத்தில் காது, ஒன்றில் தோள் புள்ளிகள், ஒன்றில் வால் நுனி. மனைவி பின்சீட்டிலிருந்து போனில் முழுச் சிறுத்தையையும் எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான், வருகிறவர்கள் எல்லாரும் "நீங்க எடுத்ததா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.