கருணாநிதி ஒரு தேர்தலிலும் தோற்காதது எப்படி? குளித்தலையிலிருந்து ஒரு பதில்

மு. கருணாநிதி சட்டமன்றத் தேர்தலில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்பது உண்மையா, உண்மையென்றால் அடிக்கடி தொகுதி மாறியதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதிக்குப் பதில் எளிது. உண்மைதான். 1957 முதல் 2016 வரை பதின்மூன்று முறை நின்றார், பதின்மூன்று முறையும் வென்றார். குளித்தலை, தஞ்சாவூர் ஒவ்வொரு முறை. சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம் இரண்டிரண்டு முறை. சேப்பாக்கம் மூன்று முறை. கடைசியில் திருவாரூர் இரண்டு முறை. 1984 பொதுத்தேர்தலில் மட்டும் அவர் நிற்கவில்லை. அப்போது அவர் மேலவை உறுப்பினர்.

இரண்டாம் பாதிக்கு வருவதற்கு முன் வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தப் பதின்மூன்றில் அவர் கட்சி ஆட்சியில் அமர்ந்தது 1967, 1971, 1989, 1996, 2006 ஆகிய ஐந்து முறைதான். மீதி எட்டு முறையும் அவர் வென்றார், ஆட்சி வேறொருவரிடம் இருந்தது. தோல்வியே அறியாதவர் என்றதும் அலை எப்போதும் அவர் பக்கமே அடித்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பெரும்பாலான நேரங்களில் அவர் எதிர்நீச்சலில்தான் கரையேறினார். அதனால்தான் இந்தச் சாதனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான் குளித்தலைக்காரன். என் தாத்தா நங்கவரம் பக்கம் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, பயிர் செய்தவர். வாழ்நாள் முழுக்கக் காமராசரை விட்டுக்கொடுக்காத அந்த மனிதர், 1957இல் மட்டும் கருணாநிதிக்கு வாக்களித்தார். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். "எங்க பேச்சை எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது" என்பதுதான் அவருடைய பதில். அதற்கு மேல் அவர் அரசியல் பேசியதில்லை.

அந்தத் தேர்தலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இப்போது எழுதுபவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தி.மு.க. முதன்முதலாகக் களமிறங்கிய பொதுத்தேர்தல் அது. கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது; தேர்தல் ஆணையத்தின் ஏடுகளில் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகள். கருணாநிதிக்கு அப்போது 32 வயது. திரைப்பட வசனத்தால் பெயர் தெரிந்தவர். 1953 கல்லக்குடிப் போராட்டத்தால் திருச்சி மாவட்டத்தில் முகமும் தெரிந்தவர். குளித்தலை அன்று திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவர் வெளியூர்க்காரர்; திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் வளர்ந்தவருக்கு எங்கள் காவிரிக்கரைக் கிராமங்களில் சொந்தமும் இல்லை, சாதிக் கணக்கும் இல்லை. காங்கிரஸின் தர்மலிங்கத்தை 8,296 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கட்சிக்கு மொத்தம் பதினைந்து இடங்கள்.

சட்டமன்றத்துக்குப் போனதும் அவர் முதலில் எடுத்துப் பேசிய விஷயங்களில் ஒன்று நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினை. வாரப் பங்கிலும் சாகுபடி உரிமையிலும் பண்ணைக்கும் உழுபவர்களுக்கும் நடுவே தகராறு முற்றியிருந்த நேரம். மொழி, மாநில உரிமை என்று அவருக்குப் பழகிய மேடைப் பொருள்கள் எத்தனையோ இருந்தும், புதிய உறுப்பினர் ஒருவர் தொகுதியின் ஒரு மூலையில் கிடந்த குத்தகைத் தகராறைக் கோட்டைக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு அங்கே நடந்த போராட்டத்திலும் முன்னால் நின்றார். சட்டமன்ற உறுப்பினர் என்பவர் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். 1970இல் அவர் முதலமைச்சராக இருந்தபோது நில உச்சவரம்பு 30 ஏக்கரிலிருந்து 15 ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டங்களில் ஓட்டைகள் இருந்தன, பினாமிப் பெயரில் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. ஆனாலும் அவற்றின் வேர் அந்த முதல் பேச்சில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1962 இன்னும் கடுமை. தி.மு.க.வின் பதினைந்து பேரையும் திரும்பி வரவிடக் கூடாது என்று காங்கிரஸ் முனைப்பாக வேலை செய்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். கட்சி ஐம்பது இடங்களைப் பிடித்தது, ஆனால் தலைவர் அவைக்கு வெளியே நின்றார். கருணாநிதி அந்த முறை தஞ்சாவூருக்கு மாறியிருந்தார். எதிரே பரிசுத்த நாடார், ஊரில் செல்வாக்கு மிகுந்த காங்கிரஸ் வேட்பாளர். வித்தியாசம் 1,928. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவராகவும் கருணாநிதி துணைத் தலைவராகவும் அந்த ஐந்தாண்டு அவையை நடத்தினார்கள். 1969இல் அண்ணா மறைந்தபோது கட்சி யாரைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவையில் அண்ணா இல்லாத இந்த ஐந்து ஆண்டுகளைப் படிக்க வேண்டும்.

1967 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விருகம்பாக்கம் மாநாட்டில் தேர்தல் நிதியாகப் பதினொரு லட்சம் ரூபாயை அவர் திரட்டிக் கொடுத்ததும், வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா சைதாப்பேட்டைக்கு அவர் பெயரைச் சொல்லாமல் "பதினொரு லட்சம்" என்றே அறிவித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. 20,482 வாக்கு வித்தியாசம். 1971இல் அதே சைதாப்பேட்டை. கட்சி 184 இடங்களில் வென்றது, அதுவே அதன் உச்சம். ஆனால் அவருடைய வித்தியாசம் 12,511 ஆகக் குறைந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அவருடைய பதின்மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1980. ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தின் 39இல் 37ஐ அள்ளியது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் வெறும் சடங்கு என்றே அந்தக் கூட்டணியில் பலர் நினைத்தார்கள். மே மாத இறுதியில் மக்கள் தலைகீழாகத் தீர்ப்பளித்தார்கள், எம்.ஜி.ஆர். 129 இடங்களோடு திரும்பி வந்தார், தி.மு.க.வுக்கு 37. அண்ணா நகரில் கருணாநிதி 51,290, அ.தி.மு.க.வின் எச்.வி. ஹண்டே 50,591. வித்தியாசம் 699.

ஹண்டே யார் என்பது தெரிந்தால்தான் அந்த 699இன் சுவை புரியும். அவர் மருத்துவர், முன்பு சுதந்திராக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். அந்தக் காலத்தில் தி.மு.க. ஆட்சியை மூன்றாந்தர அரசு என்று அவர் அவையில் தாக்கினார். இல்லை, இது நான்காந்தர அரசு, வருணத்தில் நான்காவதாக வைக்கப்பட்ட சூத்திரர்களின் அரசு என்று முதலமைச்சர் கருணாநிதி பதில் சொன்னார். தமிழகச் சட்டமன்றத்தின் பதில்களில் இதற்கு இணையானது எனக்குத் தெரிந்து மிகச் சில. வசையை அப்படியே கையில் வாங்கி ஒரு வரலாற்றைச் சொல்லிவிட்டார். அந்த இருவரும்தான் 1980இல் ஒரே தொகுதியில் நேருக்கு நேர் நின்றார்கள்.

அந்த 699இல் பாதி, ஒரு 350 பேர், மாறி வாக்களித்திருந்தால் தமிழக அரசியலில் என்ன இல்லாமல் போயிருக்கும்? நவம்பரில் திருச்செந்தூர் முருகன் கோயிலில் அறநிலையத்துறை அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை இறந்து கிடந்தார். அரசு நீதிபதி பால் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷனை அமைத்தது, ஆனால் அதன் அறிக்கையை அவையில் வைக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கருணாநிதி அதை வெளியிட்டார். பிறகு 1982 பிப்ரவரியில் மதுரையிலிருந்து திருச்செந்தூர்வரை நீதி கேட்டு நடந்தார். கட்சிக் காழ்ப்பு இதில் கலந்திருந்தது என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ஒரு சாவுக்கு அரசைப் பதில் சொல்ல வைக்க எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எத்தனை தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் குறைவு.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டபோது, மத்திய மாநில அரசுகள் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறி அவரும் அன்பழகனும் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

1991இல் அவர் செய்த ராஜினாமாவை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜனவரி 30 அன்று அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு தமிழகத்தில் தி.மு.க. கொடியோடு தெருவில் நடப்பதே ஆபத்தாக இருந்த நாட்கள். வாக்குகள் எண்ணப்பட்டபோது 234இல் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு: எழும்பூரில் பரிதி இளம்வழுதி, துறைமுகத்தில் கருணாநிதி. காங்கிரஸின் கே. சுப்புவை அவர் வென்றது 890 வாக்கில். தோல்விக்குப் பொறுப்பேற்று அவர் பதவியை விட்டார். கட்சித் தலைவராகப் பார்த்தால் கண்ணியமான செயல். ஆனால் அத்தனை அச்சுறுத்தலுக்கு நடுவே வாக்குச்சாவடிக்குப் போய் உதயசூரியனில் முத்திரை குத்திய துறைமுகத்து மனிதர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது அவரை. அவர் அந்த அவையில் உட்கார்ந்திருக்க வேண்டும்; கிட்டத்தட்ட எதிர்க்கட்சியே இல்லாத அவைக்கு அன்று அவரைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார்.

இதே குறையை 2001க்குப் பிறகும் பார்க்கிறேன். 2001 தேர்தலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் அவைக்குள் வந்து பேசியது மிக அபூர்வம். எதிரணித் தலைவரும் தன் முறை வந்தபோது அதையே செய்தார் என்பது சமாதானம் ஆகாது. தமிழகச் சட்டமன்றத்தின் மிகச் சிறந்த வாதி ஒருவர் பல ஆண்டுகள் தன் இருக்கையை வெறுமையாக விட்டுவைத்தார். நங்கவரத்தைப் பற்றிப் பேசியவரை நினைக்கும்போது எனக்கு இது வலிக்கிறது.

இப்போது தொகுதி மாறியதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. புள்ளிவிவரமே அதைச் சொல்கிறது. ஒரே தொகுதியில் அவர் இரண்டாம் முறை நின்றபோதெல்லாம் என்ன நடந்தது என்று பாருங்கள். சைதாப்பேட்டையில் 20,482 என்பது 12,511 ஆனது. அண்ணா நகரில் 16,438 என்பது 699 ஆனது. துறைமுகத்தில் 31,991 என்பது 890 ஆனது. சேப்பாக்கத்தில் 1996இல் நெல்லை கண்ணனை 35,784 வாக்கில் வென்றவர், 2001இல் 4,834 வாக்கில்தான் வந்தார். ஒவ்வொரு முறையும் சரிவு. 1980, 1991, 2001 மூன்றும் கட்சிக்கே மோசமான ஆண்டுகள் என்று சொல்லலாம். ஆனால் 1971இல் கட்சி உச்சத்தில் இருந்தபோதும் அவருடைய வித்தியாசம் குறைந்தது. தொகுதியில் பழகப் பழக அவரிடம் எதிர்பார்ப்பு ஏறியது, மாநிலத் தலைவராக இருந்தவரால் தெருக்குழாய்க்கும் சாக்கடைக்கும் நேரம் தர முடியவில்லை என்று நான் படிக்கிறேன். மாறியது அவருக்கு நிச்சயம் உதவியது.

ஆனால் அதை அவருக்கு மட்டும் உரிய தந்திரமாகக் காட்டுவது நியாயமில்லை. எம்.ஜி.ஆரும் தோற்றதில்லை, அவரும் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிப்பட்டி என்று மாறிக்கொண்டே இருந்தார். 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்ற காமராசர் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். கேரளத்தில் கே.எம். மாணி பாலா என்ற ஒரே தொகுதியில் பதின்மூன்று முறை வென்றார், உம்மன் சாண்டி புதுப்பள்ளியில் பன்னிரண்டு முறை. அங்கே தலைவர்கள் திருமணத்துக்கும் சாவுக்கும் தொகுதியில் இருப்பார்கள், திருச்சபையும் குடும்பமும் தலைமுறையாக அவர்களோடு சேர்ந்து நிற்கும். நம் பெரிய தலைவர்கள் மாநிலத்தையே தொகுதியாக நினைத்தவர்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால், ஒரு வாக்காளனாக நான் புதுப்பள்ளிக்காரர்களைத்தான் கொடுத்துவைத்தவர்கள் என்பேன்.

சரிவுக் கணக்குக்கு ஒரே ஒரு தெளிவான விலக்கு உண்டு: திருவாரூர். தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு அது தனித் தொகுதி, எனவே அவர் வளர்ந்த ஊரில் அவரால் நிற்க முடியவில்லை. 2011இல் அது பொதுத் தொகுதியானதும் போனார்; 86 வயதில் 50,249 வித்தியாசம். ஆட்சி கைவிட்டுப் போன தேர்தல் அது. 2016இல் சக்கர நாற்காலியில் பிரசாரம் செய்து 68,366 வித்தியாசத்தில் வென்றார், அவருடைய அறுபதாண்டில் அதுவே மிகப் பெரியது. அந்த முறையும் ஆட்சி கிடைக்கவில்லை. பேரவைத் தலைவரின் அறையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். சக்கர நாற்காலியோடு அவையில் அமர வசதியான இடம் வேண்டும் என்பதே ஒரு விவாதமாயிற்று. 2018 ஆகஸ்ட் 7 அன்று அவர் இறக்கும்போது திருவாரூரின் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். கஜா புயல் நிவாரணத்தால் தள்ளிப்போன இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில் நடந்தது, பூண்டி கலைவாணன் வென்று அந்த இடத்தைத் தி.மு.க.வுக்கே தக்கவைத்தார்.