தமிழிலும் அவன் பேசுவதில்லை என்பதைச் சொல்லுங்கள்

இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, நான்கு வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, செப்டம்பரில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷன் தொடங்குகிறது, யாரிடம் உதவி கேட்பது, கேட்டால் விசாவுக்குப் பாதிப்பு வருமா என்று எழுதியிருந்தீர்கள், சகோதரி. நீங்கள் நிற்கும் இடத்தில் நாங்களும் எங்கள் மகளோடு நின்றிருக்கிறோம்.

முதலில் விசா. கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா என்றால், அரசு உதவித்தொகை பெறக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கும். அதனால் டிஎல்ஏ (மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கான உதவித்தொகை) போன்றவற்றுக்கு இப்போது போக வேண்டாம். பள்ளியில் தரும் சிறப்பு உதவி, கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றம் செய்யும் கல்வி மதிப்பீடு, என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பேச்சுப் பயிற்சி ஆகியவை அந்தத் தடைக்குள் வராது. இவற்றைத் தாராளமாகக் கேட்கலாம்.

ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போய்க் குழந்தைகள் நல மருத்துவருக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் பரிந்துரை கேளுங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஆட்டிசம் போன்றவற்றை உறுதிசெய்யும் மதிப்பீட்டுக்கு வரிசை மிக நீளம். அந்தச் சான்று வரட்டும் என்று மற்றதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். பள்ளி உதவி குழந்தையின் தேவையைப் பார்த்துத்தான் தரப்பட வேண்டும், சான்று கட்டாயமில்லை.

உங்கள் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க, கவுன்சிலின் பெயரோடு ‘லோக்கல் ஆஃபர்’ என்று சேர்த்து இணையத்தில் தேடுங்கள். பிறந்த குழந்தை முதல் 25 வயது வரையிலானவர்களுக்கான சேவைகளை ஒவ்வொரு கவுன்சிலும் அங்கே வெளியிட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சில கவுன்சில்களின் பக்கங்களில் நுழைந்தால் தலை சுற்றும். அப்படியிருந்தால் அதிலேயே ‘சென்டியாஸ்’ எண்ணைத் தேடிப் பேசிவிடுங்கள். பெற்றோருக்கு இலவசமாக, யார் பக்கமும் சாயாமல் ஆலோசனை சொல்லும் சேவை அது. நான் முதலில் கைகாட்டுவது அவர்களைத்தான்.

இனி பள்ளி. எங்கள் மகள் சேர்ந்த பள்ளியில், "வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், இங்கிலீஷ் பழகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். புதிதாக வந்த குடும்பங்களில் பலர் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். இங்கிலீஷ் தெரியாதது மட்டுமே காரணம் என்றால் அது சிறப்புத் தேவை ஆகாது, அது விதியிலேயே இருக்கிறது. ஆனால் தமிழிலும் பேச்சு வரவில்லை என்றால் கதையே வேறு. அதை அவர்களாகக் கண்டுபிடிக்க வழியில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். மகள் வீட்டில் விளையாடும்போது நான் தமிழில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், அவள் திரும்பாமல் கார் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பதையும் வீடியோ எடுத்து சென்கோவிடம், அதாவது பள்ளியில் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியரிடம், காட்டினேன். அப்புறம் ஒரு வருடம் காத்திருக்கும் பேச்சே எழவில்லை. இதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர்களே வீட்டு மொழியில் பேசத்தான் சொல்கிறார்கள்.

பள்ளி தரும் உதவி போதாது என்று தோன்றினால் இஎச்சிபி என்ற கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டை நீங்களே கவுன்சிலிடம் எழுதிக் கேட்கலாம், பள்ளியின் அனுமதி தேவையில்லை. மாதிரிக் கடிதம் இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மதிப்பீடு செய்வதா இல்லையா என்பதை 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும், திட்டம் 20 வாரத்துக்குள் முடிய வேண்டும். நடைமுறையில் தாமதமாகும், அதனால் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள். மறுத்தாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் கவுன்சிலின் மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 2 மாதம்தான் அவகாசம் என்பதால் கையில் கிடைத்ததுமே சென்டியாஸிடம் காட்டிவிடுங்கள்.

மதிப்பீடு கேட்டு நீங்கள் எழுதும் கடிதத்தில் "பிடிவாதக்காரன்", "கொஞ்சம் மெதுவான பிள்ளை" என்றெல்லாம் எழுத வேண்டாம். "சட்டையின் கழுத்துப் பட்டி பட்டால் அரை மணி நேரம் அழுகிறான், தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போகிறான்" என்று நடப்பதை நடந்தபடி எழுதுங்கள்.

நான் சொன்ன சட்டமும் கெடுவும் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ முறை வேறு. ஜூலைக் கடைசியில் பள்ளிகளை மூடிவிடுவார்கள், அதற்குள் சென்கோவோடு ஒரு சந்திப்புக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.