கடன் எஞ்சினுக்கா, டீசலுக்கா?

கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு வாசகர்): வாங்கும் கடனில் ஏறக்குறைய 99 சதவீதம் முதலீட்டுக்கே போகிறது என்று 2025-26 பட்ஜெட் விவாதத்துக்குப் பதிலளித்தபோது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். இதை ஏற்கலாமா அய்யா?

பதில்: கூட்டல் சரிதான். 2025-26 பட்ஜெட்டில் பற்றாக்குறை, அதாவது வாங்கும் கடன், 15.69 லட்சம் கோடி ரூபாய். பாலம், சாலை போன்ற சொத்துகளுக்கான மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி. மாநிலங்கள் சொத்து உருவாக்க மத்திய அரசு கொடுக்கும் மானியத்தையும் சேர்த்தால் 15.48 லட்சம் கோடி. அதைத்தான் அமைச்சர் சொல்கிறார்.

என் அப்பா தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருந்தார். கடனை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்: எஞ்சின் கடன், டீசல் கடன். எஞ்சின் மாற்ற வாங்கினால் படகு இன்னும் சில வருடம் ஓடும், அடைத்துவிடலாம். டீசலுக்கும் ஐஸுக்கும் வியாபாரியிடம் கைநீட்டிவிட்டால், அப்புறம் நண்டுக்கும் கணவாய்க்கும் அவர் வைத்ததுதான் விலை. பாம்பன் புதிய பாலம் எஞ்சின் கடன் வகை. 2022 டிசம்பரிலிருந்து மண்டபத்தோடு நின்ற ரயில், 2025 ஏப்ரல் 6-இல் பாலம் திறந்தபின் ராமேஸ்வரம் வரை வந்தது. அந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அரசுக்குக் கல்லாப்பெட்டி ஒன்றுதான். அதே பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நாலு ரூபாயில் ஒரு ரூபாய் பழைய கடனின் வட்டிக்குப் போகிறது. வரி வருமானத்தை வட்டி தின்றுவிடுவதால்தான் பாலத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அமைச்சரின் பதிலில் இந்தப் பாதியையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று சுமார் ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தும், பற்றாக்குறையை ஜிடிபியில் 4.8 சதவீதத்திலிருந்து 4.4-க்கு இறக்கத் திட்டமிட்டார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகி): மீன்வளத்துக்கு இதுவரை இல்லாத அளவு ஒதுக்கியிருக்கிறோம் என்கிறார்கள். எங்கள் கரையில் ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: 2025-26-க்கு ஒதுக்கியது 2,703.67 கோடி. முந்தைய ஆண்டு 2,616 கோடி. கூடியது நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம்தான் அம்மா. டீசல், வலை, கூலி ஏறியதை வைத்துப் பார்த்தால் இதை உயர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒதுக்குவது வேறு, கரைக்கு வந்து சேர்வது வேறு. இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி 2017-இல் வந்த திட்டம் நினைவிருக்கும். மூன்று வருடத்தில் 2,000 படகு என்றார்கள். ஒரு படகு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கைப்பணம் 8. எட்டு லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவது? வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விடியற்காலை திரும்பிப் பழகியவர், சூரைக்குத் தூண்டில் போட வாரக்கணக்கில் தங்க வேண்டும். பழைய படகையும் ஒப்படைக்க வேண்டும். 2,000 என்ற எண் எட்டப்படவே இல்லை. அறிவிப்பு நாளில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன், அதனால் இது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்பாவின் நோட்டில் இடது பக்கம் பென்சிலில் எதிர்பார்த்த வரவு இருக்கும், வலது பக்கம் பேனாவில் வந்த காசு. டீசல் கறை படிந்து சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பங்கு பிரிக்கும்போது வலது பக்கத்தை மட்டும்தான் ஆட்களிடம் காட்டுவார். பட்ஜெட் ஆவணத்திலும் அப்படித்தான் மூன்று பத்திகள்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அப்புறம் உண்மையில் செலவானதைக் காட்டும் மெய்க்கணக்கு. மெய்க்கணக்குதான் பேனாப் பக்கம். அமைச்சர்கள் சபையில் வாதாடுவது பெரும்பாலும் முதல் பத்தியை வைத்து. எதிர்க்கட்சிகளும் அதையே பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு மாணவர்): பட்ஜெட் சபையில் தோற்றால்?

பதில்: மக்களவையில் தோற்றால் அரசு விலகியாக வேண்டும் என்பதே மரபு. பட்ஜெட்டை நிறைவேற்றும் பண மசோதாவை மாநிலங்களவையால் நிராகரிக்க முடியாது. 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மண்டபம் வாசகிக்கு ஒரு வார்த்தை. 2025-26-இல் மீன்வளத்துறை உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்பது 2027 பிப்ரவரியில் வரும் பட்ஜெட் ஆவணத்தில்தான் அச்சாகும். அந்தப் பக்கத்தைப் பார்த்து எண்ணை இங்கே எழுதுகிறேன். 2,703.67-ஐ இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.