எழுதியதை அழிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கொடைக்கானலில் சுற்றுலா வாகனம் ஓட்டுகிறேன். தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்று தினமும் ஒரே பாதை. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்ததிலிருந்து குணா குகைக்குப் போகாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. ‘குணா’ படத்தில் கமல் கூப்பிடுவதைப்போல வேலியோரம் நின்று ‘அபிராமி’ என்று கத்துகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள் இதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினாள். ஒரு பெண்ணைக் கடத்திவந்து அடைத்துவைத்த கதையைக் காதல் என்று கொண்டாடுகிறோம், நம் ஊரும் அதை வைத்துப் பிழைக்கிறது என்பது அவள் எழுதியதன் சாரம். முன்பின் தெரியாத ஆண்கள் வாயில் வராத வார்த்தைகளால் திட்டினார்கள். கேட்டால் கருத்துச் சுதந்திரம் என்கிறார்கள். அவளுடைய தோழிகள், இப்படிப்பட்ட படங்களைத் தடைசெய்ய வேண்டும் என்கிறார்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு, அழித்துவிடச் சொல் என்கிறார் என் அண்ணன். எனக்கு ‘குணா’ படம் பிடிக்கும். மகளிடம் நான் என்ன சொல்வது?

ஒரு வாசகர், கொடைக்கானல்

அன்புள்ள நண்பருக்கு,

அழிக்கச் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்தப் பாதையில் ஓடும் வண்டியின் வருமானத்தில் படிக்கிற பெண், அந்தப் பாதையைப் பற்றியே கேள்வி கேட்டிருக்கிறார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் இதைக் கேட்பதற்கும் அவர் கேட்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது.

படத்தைப் பற்றி அவரோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. 1991-இல் வந்த ‘குணா’, நாயகனின் மனநோயை மறைக்கவில்லை. அவன் செய்தது கடத்தல் என்பதையும் மறைக்கவில்லை. இருவரின் சாவில்தான் கதை முடிகிறது. ஆனால் வேலியோரக் கூச்சலைப் பற்றி உங்கள் மகள் சொல்வது முழுக்கச் சரி. கதைப்படி அந்தப் பெண்ணின் பெயர் ரோகிணி. அபிராமி என்பது கடத்தியவன் தன் மனப்பிரமையில் அவளுக்குச் சூட்டிய பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் இளைஞர்கள் அவளை அவன் வைத்த பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அவளுடைய பெயர் யாருக்கும் நினைவில்லை.

என்னைக் கேட்டால், மனம் பிறழ்ந்தவனைக் காட்டும் ஒரு படத்தைவிட, புத்தி தெளிவாக இருக்கும் நாயகன் கல்லூரி வாசல் முதல் பஸ் நிறுத்தம்வரை ஒருத்தியை விடாமல் துரத்தி, கடைசியில் அவள் சிரித்துவிடும் படங்களே அதிகக் கேடு செய்திருக்கின்றன. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை மீண்டும் மீண்டும் பின்தொடர்வது 2013 முதல் குற்றம். அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு. முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள்வரை சிறை. தெருவில் குற்றமாகிவிட்ட ஒன்று திரையில் இன்னமும் கைதட்டல் வாங்குகிறது. இதைப் பெண்கள் சுட்டிக்காட்டாமல் வேறு யார் சுட்டிக்காட்டுவார்கள்?

ஆனாலும் தடை கேட்கும் தோழிகளோடு நான் நிற்கமாட்டேன். தடை என்பது நம் ஊரில் யார் கழுத்தில் விழும் என்பதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். 2005-இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையிடம் சில வரிகள் சொன்னார். தமிழ்ப் பண்பாட்டைக் காக்கிறோம் என்று கிளம்பியவர்கள் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். மொத்தம் 23 வழக்குகள். உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தபோது 2010 ஏப்ரல் வந்துவிட்டது. அவர் கருத்து பிடிக்காதவர்கள் ஊடகத்திலோ வேறு பொதுமேடையிலோ மறுத்துப் பேசியிருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உங்கள் மகள் செய்திருப்பது அதைத்தான். படத்தை நிறுத்தச் சொல்லவில்லை, வழக்குப் போடவில்லை, மறுத்து எழுதினார். அதற்கே இத்தனை வசை.

2012-இல் மும்பைக்கு அருகே பால்கரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவுக்குக் கடையடைப்பு எதற்கு என்று ஃபேஸ்புக்கில் கேட்ட இளம்பெண்ணைக் கைது செய்தார்கள். அதற்கு லைக் போட்ட தோழியையும் விடவில்லை. அதற்குக் கைகொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாது என்றது. தோழிகள் கேட்கும் தடை, நாளை அவர்கள் எழுதும் வரியின் மீதே பாயும்.

அதற்காக, திட்டியவர்களுக்குச் சுதந்திரப் போராளிப் பட்டம் கொடுக்க வேண்டியதில்லை. படத்தைப் பற்றிச் சொன்னதற்கு எதிராகப் படத்தைப் பற்றி எழுதுவதுதான் கருத்து. எழுதியவளின் உடலையும் பிறப்பையும் பற்றி எழுதுவதில் வாதம் எதுவும் இல்லை, அவளை வாய்மூட வைக்கும் நோக்கம்தான் இருக்கிறது. மிரட்டல், ஆபாசம், பெண்ணின் மாண்பைக் குலைக்கும் சொல் எல்லாவற்றுக்கும் இப்போதும் சட்டத்தில் இடமிருக்கிறது. வந்ததையெல்லாம் பெயரோடும் தேதியோடும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். எல்லை மீறியிருந்தால் திண்டுக்கல் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள், நீங்களும் கூடப் போங்கள்.

உங்கள் அண்ணன், உங்கள் மகளின்மீதுள்ள பாசத்தில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் திட்டியவர்கள் கேட்பதும் அதையேதான். ஊர் பேர் தெரியாதவன் கேட்டதை வீட்டுப் பெரியவர் செய்துகொடுத்தால் அந்தப் பெண் அடுத்த முறை யாரிடம் போவார்?

படம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதை மகளிடம் மறைக்காதீர்கள். எது பிடித்தது என்று சொல்லுங்கள், அவர் மறுக்கட்டும். படத்தைப் பற்றி நான் மேலே எழுதியதையும் அவர் ஏற்கமாட்டார் என்றே நினைக்கிறேன். மறுப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஒரு வரியும் வெட்டாமல் இங்கேயே வெளியிடுகிறேன். பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.