ஒரு சதவீதம் போதும்

அன்புள்ள ஐயா,

ஷாக் டியூபில் (வாயுவை அதிர்ச்சி அலையால் நொடிப்பொழுதில் சூடாக்கும் குழாய்) கார்பன் மோனாக்சைடின் (சிஓ) அதிர்வுத் தளர்வு நேரத்தை, அதாவது சூடானபின் மூலக்கூறின் அதிர்வு புதிய வெப்பநிலையை எட்ட எடுக்கும் நேரத்தை, அளக்கிறேன். ஆர்கானில் 1% சிஓ, தொடக்க அழுத்தம் 20 டார் (760 டார் ஒரு அட்மாஸ்பியர்), அலைக்குப் பின் 2000 கெல்வின். இந்த நேரத்தைக் கணிக்கும் மில்லிகன்–ஒயிட் சூத்திரப்படி, நேரத்தை அழுத்தத்தால் பெருக்கினால் சுமார் 300 மைக்ரோவினாடி·அட்மாஸ்பியர் வர வேண்டும். எனக்கு 150தான் வருகிறது. சூத்திரத்தின் கடைசி மாறிலியான −8.00ஐ −8.30 ஆக்கினால் பொருந்திவிடுகிறது. அப்படியே எழுதலாமா? அலையின் வேகத்தை அளப்பதில் 1 மைக்ரோவினாடி பிழை இருக்கலாம்.

ம.

அன்புள்ள ம.,

வேகப் பிழையை விடுங்கள். வினாடிக்கு 1400 மீட்டர் வேகத்தில் 30 செ.மீ. இடைவெளிக்கு 1 மைக்ரோவினாடி தவறினால் வெப்பநிலை 20 கெல்வின் நகரும், தளர்வு நேரம் 5% மாறும். பாதியாகாது. ஆய்வகத்தில் அளந்த நேரத்தை, அலைக்குப் பின்னும் முன்னும் உள்ள வாயு அடர்த்திகளின் விகிதத்தால் பெருக்க மறந்திருந்தாலும் பாதி வராது; 3.45இல் ஒரு பங்காகியிருக்கும்.

1963இல் வந்த அந்தச் சூத்திரம் வேதவாக்கு அல்ல. நீராவியிடம் அது தோற்றுப்போகும். ஆனால் உங்கள் குழாய் சுத்தம் என்று காட்டாமல் அதில் கைவைக்க உங்களுக்கு என்ன உரிமை? இத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர், கசிவு வீதத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே!

அதே சூத்திரத்தை சிஓ–ஹீலியத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 2000 கெல்வினில் 3. ஆர்கானைவிட நூறு மடங்கு வேகம். கலவையில் கூட்ட வேண்டியது நேரங்களை அல்ல, அவற்றின் தலைகீழ்களை. 0.01/3 + 0.99/300, விடையைத் தலைகீழாக்கினால் 150. உங்கள் எண்ணேதான். ஒரே ஒரு சதவீத ஹீலியம் போதும். அழுத்தத் தடத்தில் அது தெரியாது. அதிர்வைக் காட்டும் ஒளி ஏறும் வளைவும் அழகான எக்ஸ்பொனென்ஷியலாகவே இருக்கும்.

உங்கள் குழாயில் இருப்பது ஹீலியம்தான் என்று சொல்லவில்லை. நீராவி அதைவிடப் பொல்லாதது. டயஃப்ரம் (குழாயின் இரு பகுதிகளைப் பிரிக்கும் மென்தகடு) மாற்றத் திறக்கும்போதெல்லாம் அறைக்காற்றின் ஈரம் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பம்பை மூடியபின் நிமிடத்துக்கு 0.001 டார் ஏறுகிறது, நிரப்பிச் சுட பத்து நிமிடம் ஆகிறது என்றால் 0.01 டார் உள்ளே வந்துவிட்டது; 20 டாரில் அது பத்து லட்சத்துக்கு 500 பங்கு. அதில் பெரும்பகுதி நீராவியானால் உங்கள் ஆர்கான் அளவீடு அன்றோடு முடிந்தது.

ஒரே கலவையை நிரப்பியவுடன் ஒருமுறை சுடுங்கள். அடுத்த முறை நிரப்பிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்து சுடுங்கள். நேரம் குறைந்தால் அழுக்கு உறுதி. குறையாவிட்டாலும் நிம்மதி வேண்டாம், அழுக்கு கலவைத் தொட்டியிலேயே இருக்கலாம். பிறகு வேண்டுமென்றே 1, 2, 5 சதவீதம் ஹீலியம் சேர்த்து, தளர்வு நேரத்தின் தலைகீழை ஹீலியப் பங்குக்கு எதிரே வரையுங்கள். கோடு நேராக வரும். சாய்வு சரியாக இருந்து, ஹீலியம் பூஜ்யமாகும் இடத்தில் மட்டும் மதிப்பு இரட்டித்து நின்றால், அழைக்காத விருந்தாளி யாரோ உள்ளே இருக்கிறார்.

மனம் தளராதீர்கள் அம்மா. 1% சிஓ என்று வைத்தது நல்ல முடிவு. தளர்வின்போது வெப்பநிலை மூன்று நான்கு கெல்வின்தான் இறங்கும். தூய சிஓவில் இருநூறை ஒட்டி இறங்கி வளைவையே கோணலாக்கிவிடும்.

சிஓ எஃகு சிலிண்டரில் வருகிறதா? அப்படியானால் அதில் இரும்பு கார்பனைல் (இரும்பும் சிஓவும் சேர்ந்த சேர்மம்) இருக்கக்கூடும். அலை சூடாக்கியதும் அது சிதைந்து, உதிரும் இரும்பு அணுக்களும் தளர்வை வேகப்படுத்தும். தொட்டிக்குப் போகும் வழியில், உலர்பனியில் குளிரவைத்த கரி வடிகட்டி ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள்.