சைக்கிள் பாரில் உட்கார்ந்த மகள்

கேள்வி: பெண்கள் சைக்கிள் விற்பனை நம் பக்கத்தில் எப்போது சூடு பிடித்தது?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: நான் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவள், கண்ணால் பார்த்தேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. காத்திருக்க மனமில்லாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினோம். சேலையோடு பார் மேல் காலைத் தூக்கிப்போட முதலில் கூச்சம்தான். அப்புறம் அதே பாரில் மகளை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு மிதித்தேன். பஸ்ஸுக்காக நிற்பது நின்றுபோனது!

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுத்தது. பிறகு மற்ற மாணவர்களுக்கும் வந்தது. இப்போது பேத்தி கியர் சைக்கிள் கேட்கிறாள். சரி, வாங்கித் தரப்போகிறேன்.