ஆயா படத்தின் தேதி

கேள்வி: என் மகன் இரண்டு வருடத்தில் மூன்று முறை கிளவுட் சேமிப்பை மாற்றிவிட்டான். ஏன் இப்படி மாறுகிறார்கள்? எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் என் கூகுள் கணக்கில் இருக்கின்றன. நானும் மாறலாமா?
— வாசகி, பீனிக்ஸ், டர்பன்

பதில்: பெரும்பாலும் இடம் தீர்ந்துபோவதில்தான் ஆரம்பிக்கிறது. கூகுள் ஃபோட்டோஸ் ஓரளவு சுருக்கிய படங்களைக் கணக்கில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டிருந்தது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்றாகிவிட்டது. டிராப்பாக்ஸ் 2019-ல் இலவசக் கணக்கை ஃபோன், கணினி என மூன்று கருவிகளில்தான் இணைக்கலாம் என்றது. அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31-ல் மூடியே விட்டது. சந்தாவை டாலரில் எடுக்கும் சேவையென்றால், நம் தென்னாப்பிரிக்க ரேண்ட் இறங்கும்போதெல்லாம் நம் பில் ஏறும்.

மாறுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாறும் விதத்தில்தான் எனக்குப் பயம்.

அப்பாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து ஒரு சேவையில் ஏற்றியிருந்தேன். அதில் ஒன்று, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் ஆயா (பாட்டி) முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் படம். நிறவெறி ஆட்சியில் எங்களை அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புவதற்கு முன் எடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் அப்பாவைக் கேட்டுக் கேட்டு நானே ஆண்டைத் திருத்தி வைத்தேன். சில வருடம் கழித்து, எல்லாவற்றையும் ஜிப் கோப்புகளாக இறக்கி வேறு சேவையில் ஏற்றினேன். திறந்து பார்த்தால் ஆயா, ஸ்கேன் செய்த வருடத்துக் கல்யாணப் படங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்! கையால் திருத்திய தேதி படத்துக்குள் இல்லை. பக்கத்தில் அதே பெயரில் இருந்த ஜேசான் என்ற சிறு கோப்பில் இருந்தது. அது தெரியாமல் அந்தக் கோப்புகளை வேண்டாதவை என்று அழித்திருந்தேன். பழைய கணக்கையும் மூடியாயிற்று. திரும்பக் கேட்க அப்பாவும் இல்லை.

இடம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் மாறாதீர்கள். பெரிய வீடியோக்களை இரண்டு வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு கூகுள் கணக்கிலிருந்து நீக்குங்கள், போதும். ஆப்பிளின் ஐகிளவுடுக்குப் போவதென்றால், படங்களை நேரடியாக நகலெடுத்து அனுப்பும் வசதி 2024-ல் வந்துவிட்டது. மூலப் படங்கள் கூகுளிலேயே இருக்கும். வேறு எங்கே போனாலும் முதலில் இருபது படங்களை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அதில் நீங்கள் தேதி திருத்திய ஸ்கேன் படம் ஒன்றாவது இருக்கட்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடும், அதனால் எண்ணிக்கையையும் ஒத்துப் பாருங்கள். அப்புறமும் ஒரு மூன்று மாதமாவது பழைய கணக்கைத் தொடாதீர்கள்.